பென் டிரைவ் இல்லாத நாட்கள்

ஒரகடத்தில் கார் பம்பர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில், மண்ணூர் லாசர் பதினோரு வருஷமாகக் காண்டிராக்ட் டெக்னீஷியனாக இருந்தான். படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களை எழுப்புவது அவன் வேலை. அதே வேலைக்கு நிரந்தர ஊழியர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்பதை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு லாசரைக் கூப்பிட்டு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அப்பாவு, "உம் பேருக்கேத்த வேலைதாம்பா, செத்தத எழுப்புறது" என்பார்.

"பைபிள்ல எழுப்புனவரு வேற சார். லாசரு எழுந்துகின ஆளு" என்று லாசரும் சலிக்காமல் திருத்துவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கரண்ட் போய், நாலு செகண்டில் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. அந்த நாலு செகண்டில் துடைப்பறைக் கம்ப்யூட்டர் படுத்தது படுத்ததுதான். திரையெல்லாம் கறுப்பு. மேல் மூலையில், எதிலிருந்து கிளம்புவது என்று தெரியவில்லை என ஆங்கிலத்தில் ஒரு வரி.

துடைப்பறை என்பது, பெயிண்ட் அடிப்பதற்குமுன் பம்பரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கும் இடம். ஏழு பெண்கள் துடைத்தார்கள். எல்லோரும் காண்டிராக்ட். வடக்குப்பட்டு அன்னக்கிளிக்கு முப்பத்தெட்டு வயது; அவள்தான் அவர்களில் மூத்தவள். தின்னர் ஆவியை வெளியே இழுத்துவிடக் கூரையில் நாலு எக்ஸாஸ்ட் விசிறிகள் உண்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் திட்டத்தில், போன வருஷம் அந்த நாலையும் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார்கள். அது சொன்னால்தான் சுற்றும். சுவரிலிருந்த பழைய ஸ்விட்சையும், யாராவது போட்டுத் தொலைப்பார்கள் என்று பிடுங்கியாயிற்று. பம்பர்களைச் சுமந்து வரும் கன்வேயரை மட்டும் எதனோடும் இணைக்கவில்லை. அது யாருக்காகவும் நிற்கக் கூடாது. பக்கத்து அறையில் பெயிண்ட் அடிக்கும் ரோபோவுக்குத் தனி விசிறி, தனி ஸ்விட்ச். ஆவி படிந்தால் அதன் கேமராக் கண் மங்கிவிடும் என்று ரோபோவை விற்றவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். துடைப்பவர்களைப் பற்றி அப்படி யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"இன்னாண்ணா, ஃபேனு நின்னு போச்சு? கண்ணு எரியுது" என்றாள் அன்னக்கிளி. முந்தானையை நனைத்து மூக்கில் கட்டியிருந்தாள்.

லாசர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். டிஸ்க் சுற்றும் சத்தம் ஒழுங்காக இருந்தது.

"வூடு அப்படியே கீதும்மா. உள்ள சாமான் செட்டெல்லாம் பத்திரமா கீது. வாசக்கதவுதான் தெறக்க மாட்டேங்குது. வெளியிலேந்து வேற சாவி போட்டு உள்ள பூந்து, கதவ சரி பண்ணிட்டா எழுந்துக்கும்."

"சாவிக்கு எங்க போறது?"

"ஒரு பென் டிரைவுல பண்ணிக்கலாம். இருவது நிமிஷ வேலை."

"அப்ப பண்ணேன். ஏன் நின்னுகினு கீற?"

லாசர் நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. தொழிற்சாலைக் கேட்டில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்றில் விபத்து இல்லாத நாட்கள். இன்னொன்றில் பென் டிரைவ் இல்லாத நாட்கள். இரண்டாவது பலகை முதலாவதைவிடப் பெரியது, விளக்கும் உண்டு. அன்று அதில் 1497 என்று எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆயிரத்து ஐந்நூறு. அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து ஸ்ரீதருக்கு விருது கொடுப்பதாக இருந்தது.

ஸ்ரீதர் தகவல் பாதுகாப்புத் துறையின் வைஸ் பிரசிடென்ட். மாடியில் கண்ணாடி அறை. லாசர் போய் விஷயத்தைச் சொல்லி, 'பென் டிரைவ்' என்று முடித்ததும், அறையிலிருந்த இரண்டு பேர் எழுந்து கதவைச் சாத்தினார்கள்.

"லாசர், அந்த வார்த்தைய இங்க யூஸ் பண்ணாதீங்க" என்றார் ஸ்ரீதர். "மொதல்ல சிஸ்டத்துல கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்க. ரூல் படி, பழுதான மெஷின்லேர்ந்துதான் போடணும். அப்பதான் அது நெஜமாவே பழுதான்னு எங்களுக்குத் தெரியும்."

"சார், அது எழுந்துக்கவே மாட்டேங்குது சார்."

"அத நீங்க சொல்றீங்க. மெஷின் சொல்லலையே?"

லாசர் அரை மணி நேரம் மன்றாடியதில், விதிவிலக்காகப் பக்கத்து மெஷினிலிருந்து டிக்கெட் போட அனுமதி கிடைத்தது. டிக்கெட் ஏறியதும், 'உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?' என்று கேட்டுத் துடைப்பறைக் கம்ப்யூட்டருக்கு ஒரு மெயில் போனது. நாலு மணி நேரம் வரை அந்தக் கம்ப்யூட்டர் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. திருப்தியுடன் முடிந்தது என்று டிக்கெட் தானாக மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது, ஏழு பெண்களில் இரண்டு பேர் படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். சாம்பார் சரியில்லை என்று கேன்டீன்காரருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

புதன்கிழமை காலை, இதற்கென்றே அமைக்கப்பட்ட பதினோரு பேர் குழு கூடியது. லாசரைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். தொழில்நுட்பக் கேள்வி வந்தால் பதில் சொல்ல. கேள்வி வரவில்லை. ஸ்ரீதர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, ரிஸ்க்னா என்ன? ஒரு கம்ப்யூட்டர் ஓடினா ரிஸ்க். அது முன்னாடி ஒருத்தர் உக்காந்தா அத விடப் பெரிய ரிஸ்க். ஒலகத்துல எந்தத் திருடனாவது ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்குள்ள நொழைஞ்சதா சரித்திரம் இருக்கா? அப்படிப் பாத்தா, நேத்து காலைல பத்தேகால்லேர்ந்து நம்ம பிளான்ட்லயே மோஸ்ட் செக்யூர் கம்ப்யூட்டர் எது? துடைப்பறைக் கம்ப்யூட்டர்! நாலு வருஷமா நாம பாடுபட்டும் எட்ட முடியாத எடத்த அது நாலே செகண்ட்ல எட்டியிருக்கு. மீதி முந்நூத்திப் பத்து கம்ப்யூட்டரையும் இந்த லெவலுக்குக் கொண்டு வரணும்ங்கறதுதான் என் கனவு. புரொடக்‌ஷன்காரங்கதான் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். புரொடக்‌ஷன்காரரும் தட்டினார். கூட்டம் முடிவதற்குள் ஒருவர் போய்த் துடைப்பறைக் கம்ப்யூட்டரின் நெற்றியில் 'மாதத்தின் மிகப் பாதுகாப்பான சாதனம்' என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

பிறகு, பென் டிரைவ் என்று ஒன்று உள்ளே வந்தால் பலகையில் எண் பூஜ்யமாகிவிடுமே என்ற கவலையைக் குழு எடுத்துக்கொண்டது. ஒன்றே முக்கால் மணி நேர விவாதத்துக்குப்பின், வரப்போவதற்கு 'மீட்பு ஊடகம்' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியதும் ஆபத்தும் நீங்கியது.

"அது வர்ற வரைக்கும் அங்க தொடைக்கிறவங்க..." என்று லாசர் இழுத்தான்.

மனிதவளத் துறை மேனேஜர் சுபஸ்ரீ புன்னகை செய்தார். "அத நாங்க பீப்பிள் சைட்லேர்ந்து பாத்துக்கறோம் லாசர்."

பார்த்துக்கொண்டார். அன்று பிற்பகல் துடைப்பறையிலேயே ஏழு பெண்களுக்கும் மூச்சுப் பயிற்சி நடந்தது. ரோபோவைச் சர்வீஸ் செய்ய வருபவர்களுக்கென்று வைத்திருந்த, இரு பக்கமும் வடிகட்டி பொருத்திய முகமூடியைச் சுபஸ்ரீ போட்டிருந்தார். அதனால் அவர் பேசியது பாதி கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு நமக்கு இருபதாயிரம் மூச்சு கெடைக்குது. அதுல எத்தனைய நாம உணர்ந்து எடுக்கறோம்? கண்ண மூடுங்க. ஆழமா இழுங்க. இன்னும் ஆழமா. வாசனை வருதேன்னு மொகத்த சுளிக்காதீங்க. அந்த வாசனைய ஒரு விருந்தாளியா நெனைங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க."

"மேடம், விருந்தாளின்னா எந்திரிச்சுப் போவணும் இல்ல?" என்று அன்னக்கிளி கேட்டாள்.

"நெகடிவிட்டி வேணாம், அன்னக்கிளி."

கன்வேயர் நிற்காததால், பயிற்சி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டே துடைத்தார்கள். கடைசி பத்து நிமிஷம் யாரும் கண்ணைத் திறக்கச் சொல்லவில்லை. சுபஸ்ரீ எப்போதோ போய்விட்டிருந்தார்.

அதே நேரத்தில் மீட்பு ஊடகம் கேட்டுக்கு வந்து சேர்ந்தது. கட்டை விரலில் பாதி நீளம். வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவு தவித்தார்.

"பேரு இன்னான்னு போடறது?"

"மீட்பு ஊடகம்."

"யாரப் பாக்க வந்துகீது?"

"கம்ப்யூட்டர."

"அதுக்கு இன்னா ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டு, வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் 'துக்கம் விசாரிக்க' என்று எழுதினார். லாசர் துணையாளாகக் கையெழுத்துப் போட்டான். கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்ட வேண்டும் என்பது விதி. மீட்பு ஊடகத்துக்குக் கழுத்து இல்லை. அதை அட்டையின் பின்னால் டேப் போட்டு ஒட்டினார்கள்.

புதிதாக உள்ளே வருகிற எவரும் பாதுகாப்புப் படம் பார்க்காமல் போக முடியாது. லாசர் அதை நாற்காலியில் வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, நாற்பது நிமிஷப் படத்தைத் தமிழில் பார்த்தான். அதன் சொந்த ஊர் எது என்று தெரியாததால் இந்தியிலும் ஒருமுறை போட்டார்கள். பிறகு அதன் சார்பில் பரீட்சை எழுதினான். பத்துக்கு எட்டு. தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்ற கேள்விக்கு அவன் காண்டிராக்ட் ஆட்களின் வழியை எழுதிவிட்டான். மீட்பு ஊடகம் கம்பெனிச் சொத்து, அதற்கு முன்வாசல்.

அடுத்து அதை மாடிக்குக் கொண்டு போனார்கள். இருபத்துநாலு டிகிரிக்கு மேல் சூடு அதற்கு ஆகாது என்று, ஏசி அறையில் பஞ்சு வைத்த பெட்டியில் வைத்து, காற்றின் ஈரத்தை மணிக்கு ஒருமுறை குறித்து வைத்தார்கள். மூன்று நிரந்தர ஊழியர்களும் அதைத் தயாரிக்க உட்கார்ந்தார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளை இறக்கி, கம்ப்யூட்டர் அதிலிருந்தே கிளம்பும்படியாக எழுத வேண்டும். சும்மா காப்பி செய்தால் ஆகாது. அதை லாசர் வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னான். அவர்கள் தலையாட்டிவிட்டு எழுதினார்கள். எழுதி முடித்ததை ஆன்டிவைரஸ் சோதித்தது. கம்ப்யூட்டரைக் கிளப்பும் பகுதியைத் தொடுகிற சந்தேகத்துக்கிடமான ஃபைல்கள் இருப்பதாகக் கண்டுபிடித்து, அவற்றை அழித்தது. மிச்சம் ஒன்றும் இல்லை. மீட்பு ஊடகம் நூறு சதவீதம் தூய்மையானது என்று மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். காலியாகக் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று, மீட்பு ஊடகப் பயன்பாட்டுக் கொள்கை என்ற அறுபத்துநாலு பக்க ஆவணத்தை அதில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் லாசர் நேராக வீட்டுக்குப் போனான். மனைவி கிரேசி வைத்த டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பழைய லேப்டாப்பைத் திறந்து, போன் நெட்டிலேயே அதே மென்பொருளை இறக்கினான். வந்து சேர்ந்த ஃபைலில் ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை என்பதற்கு, தளத்தில் போட்டிருந்த நீண்ட சரிபார்ப்பு எண்ணைக் கிரேசி உரக்கப் படிக்க, இவன் திரையில் விரலை வைத்து ஒத்துப் பார்த்தான். தன் பென் டிரைவில் எழுதினான். லேப்டாப்பை அணைத்து, அதிலிருந்து கிளப்பிப் பார்த்தான். கிளம்பியது.

"வேலை போயிடும் இல்ல?" என்றாள் கிரேசி.

"மாட்டுனா போயிடும்."

"மாட்டாம வா" என்று சொல்லி, அவள் எலுமிச்சைச் சாதம் கட்டத் தனி டப்பா எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை, கேட்டில் அப்பாவுவின் கையிலிருந்த கருவி சாப்பாட்டு டப்பாவுக்கு மேல் கூவியது. திறந்தார். சாதத்தை விரலால் விலக்கினார். பார்த்தார். அவருடைய மருமகள் மஞ்சுளா துடைப்பறையில் அந்த ஏழு பேரில் ஒருத்தி. முந்தின நாள் வீட்டுக்கு வந்தவள், மாமனாரை யாரென்று இரண்டு தடவை கேட்டிருந்தாள்.

"எலுமிச்ச சாதம்" என்று பதிவேட்டில் எழுதி, மூடிக் கொடுத்தார். "ஆறிடப் போவுது. சீக்கிரம் போ."

பத்து மணிக்குத் துடைப்பறையில் மீட்பு ஊடகத் தொடக்க விழா. தின்னர் இருக்கும் இடத்தில் குத்துவிளக்கு ஏற்றக் கூடாது என்று யாரோ கடைசி நேரத்தில் சொன்னதால், பேட்டரியில் எரியும் விளக்கை ஏற்றினார்கள். விருந்தினர்களுக்கு வடிகட்டி முகமூடி தரப்பட்டது. ஏழு பெண்களும் துடைப்பதை நிறுத்தாமல் கைதட்ட வேண்டியிருந்ததால், கைதட்டல் சற்று ஈரமாக ஒலித்தது. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளைகளையெல்லாம் ஸ்ரீதரின் உத்தரவின்பேரில் முன்பே பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். அதில் ஒன்றை உளியால் கொத்தித் திறந்தார்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய மீட்பு ஊடகத்தை ஸ்ரீதர் செருகி, பட்டனை அழுத்தினார்.

கறுப்புத் திரையில், எதிலிருந்து கிளம்புவது என்று தெரியவில்லை என்ற ஆங்கில வரி வந்தது.

"எழுத்து வருது, எழுத்து வருது!" என்றார் குழுவில் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். மீட்பு முதல் கட்டத்தில் இருப்பதாகவும், அடுத்த கட்டத்தை விருது விழாவுக்குப் பிறகு பரிசீலிக்கலாம் என்றும் ஸ்ரீதர் அறிவித்தார். எல்லோருக்கும் முந்திரி கேக் தரப்பட்டது. துடைப்பவர்களுக்கும் ஒன்றை ஏழாக வெட்டிக் கொடுத்தார்கள். அன்னக்கிளி தன் துண்டை வாயருகே கொண்டுபோய், முடியாமல், கீழே வைத்துவிட்டாள். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்ததை லாசர் பார்த்தான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. அறை காலியானதும் லாசர் உள்ளே போனான். சிவப்பு ரிப்பனைப் பிடித்து மீட்பு ஊடகத்தை உருவி ஓரமாக வைத்தான். எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சளைச் சட்டையில் துடைத்து, தன்னுடையதைச் செருகினான். பட்டனை அழுத்திய கையோடு, எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பட்டியலை வரவழைத்துப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தான். நீலத் திரை எழுந்தது. டிஸ்கின் உள்ளே போனான். சொன்னபடியே எல்லாம் இருந்தன. விசிறிகளின் ஓட்டக் கணக்குகூட ஒரு எண் குறையாமல் இருந்தது. கிளம்பும் பகுதி மட்டும் அந்த நாலு செகண்டில் குலைந்திருந்தது. அதைத் திருத்தி எழுதினான். பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி கிளப்பினான். சாமி கும்பிடத் தோன்றியது. கும்பிடுவதற்குள் கம்ப்யூட்டரே எழுந்துவிட்டது.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கூரையில் முதல் விசிறி கரகரத்தது. பிறகு இரண்டாவது. நாலும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தபோது, நடையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அன்னக்கிளி நேராக விசிறிக்குக் கீழே போய், மூக்குத் துணியை அவிழ்த்து, முகத்தை மேலே தூக்கி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எரிச்சலா அழுகையா என்று லாசருக்குத் தெரியவில்லை. அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

மாடியில் சிவப்பு எச்சரிக்கை அடித்தது. இயங்காதது என்று பதிவாகியிருந்த கம்ப்யூட்டர் இயங்குகிறது. நாலு வருஷத்தில் அங்கே அடித்த முதல் எச்சரிக்கை அது. ஸ்ரீதர் படியிறங்கி ஓடி வந்தார். சுபஸ்ரீயும் பின்னால் வந்தார்.

"யார் இத ஆன் பண்ணது?"

"நான்தான் சார்" என்றான் லாசர். "ஃபேன் சுத்துது சார். பாருங்க."

"ஃபேன நான் கேக்கல. எதை வெச்சு ஆன் பண்ணீங்க?"

லாசர் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஸ்ரீதர் பாம்பைப் பார்த்ததுபோல் ஓரடி பின்வாங்கினார்.

"மெஷின் அப்ரூவ் ஆன நெலைமையில இல்ல. நேத்து கமிட்டி எந்த நெலைமையில பாத்துச்சோ அந்த நெலைமைக்குத் திருப்பிக் கொண்டு வாங்க."

"கமிட்டி பாத்தப்ப அது செத்துக் கெடந்தது சார்."

"அதேதான்."

"சரியான மெஷின நான் எப்படி சார் கெடுக்கறது? எனக்கு அது தெரியாது."

"உங்கள பர்மனென்ட் ஆக்கற ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு லாசர். பதினோரு வருஷம். யோசிச்சுச் சொல்லுங்க."

லாசர் யோசித்தான். அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் யோசித்தான். அன்னக்கிளி விசிறிக்குக் கீழே அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"முடியாது சார்."

ஒன்று பதினைந்துக்கு ஸ்ரீதரின் ஆட்கள் கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கி, தடயமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முத்திரை வைத்து, ஏசி அறைக்குத் தூக்கிப் போனார்கள். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாப்பாட்டு நேரம் முடிந்து கன்வேயர் பம்பர்களோடு வந்துகொண்டிருந்தது. லைன் ஓடும்போது கையை எடுப்பவர் வேலையை விட்டுப் போனவராகக் கருதப்படுவார். பெண்கள் துணியைத் தின்னரில் நனைத்தார்கள்.

லாசரை மனிதவளத் துறை அறையில் உட்கார வைத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். பதினெட்டுக் கேள்விகள். பதினொன்றாவது கேள்வி, பென் டிரைவின் நிறத்தை முன்கூட்டியே தெரிவிக்காதது ஏன். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் வந்தது. மஞ்சுளாவும் இன்னொருத்தியும் அன்னக்கிளியைக் கைலாகு கொடுத்து இழுத்து வருவது தெரிந்தது. கால் இரண்டும் தரையில் கோடு போட்டு வந்தன.

லாசர் எழுந்தான்.

"இன்னும் ஏழு கேள்வி இருக்கு" என்றார் சுபஸ்ரீ.

மறுநாள் வெள்ளிக்கிழமை விருது விழா குறையில்லாமல் நடந்தது. லாசர் காண்டிராக்ட் ஆள் என்பதால் அவன் கொண்டு வந்தது தொழிற்சாலையின் பென் டிரைவ் ஆகாது என்று தீர்மானித்திருந்தார்கள். விபத்து இல்லாத நாட்களும் குறையவில்லை. அன்னக்கிளி விழுந்தது, வேலை இடத்தைச் சுற்றிப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே, நடையில்.

திங்கட்கிழமை விசாரணை. அப்பாவு சாட்சி சொன்னார்: "எலுமிச்ச சாதம்தான் சார். தாளிச்ச மொளகா கூட இருந்துது." அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. ஸ்ரீதர் அறிக்கையை வாசித்தார்.

"செவ்வாய்க்கிழமையிலிருந்து வியாழன் மதியம் வரை விசிறி ஓடவில்லை. அப்போது யாரும் மயங்கி விழவில்லை. வியாழன் மதியம் பதினேழு நிமிடம் விசிறி ஓடியது. அதன்பின் நாற்பது நிமிடத்தில் தொழிலாளி விழுந்தார். ஆக, காரணம் எது என்பது தெளிவு. இரண்டரை நாளாக ஒரு சூழலுக்குப் பழகிப்போன உடலில் லாசர் திடீரென்று நல்ல காற்றைப் புகுத்தியிருக்கிறார்."

லாசர் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். பெயரும் படமும் ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள காண்டிராக்ட்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்ஆப்பில் போனது. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பொருமுறை சிறந்த டெக்னீஷியன் என்று கம்பெனியே எடுத்த படம்.

அன்னக்கிளியை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நுரையீரல் முன்போல் ஆகாது, இனிமேல் தின்னர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாசர் போய்ப் பார்த்தபோது மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு மறுபக்கம் சுபஸ்ரீ, பழக்கூடையும் ஒரு படிவமுமாக நின்றிருந்தார்.

"இதுல ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க அன்னக்கிளி. ஃபார்மாலிட்டிதான்."

"லாசரண்ணா, இன்னான்னு படி."

லாசர் படித்தான். "வியாழக்கிழமை பிற்பகல் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு முதல் ஒன்று பதினைந்து வரை, நிர்வாகத்தின் அனுமதி பெறாத காற்றை நான் என் சொந்த விருப்பத்தின்பேரில் சுவாசித்தேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்."

அன்னக்கிளி சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது. அடங்க நேரம் பிடித்தது.

"எம்மாம் நேரம்னு போட்டுகீது?"

"பதினேழு நிமிஷம்."

"அவ்ளோதானா?" என்றாள். "ரொம்ப நேரம் நின்னா மாதிரி இருந்துது."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதோடு விடாமல், கீழே மெதுவாக, எழுத்துக் கூட்டி, 'நல்லா இருந்துது' என்று எழுதினாள்.

"இதுல ரிமார்க்ஸ் எழுத எடம் இல்லம்மா" என்றார் சுபஸ்ரீ.

"எடமா இல்ல? ஓரத்துல எழுதிட்டேன் பாரு."

பத்து நாள் கழித்து வடக்குப்பட்டில் அன்னக்கிளி வீட்டுக்குப் பதிவுத் தபாலில் மூன்று பக்கக் கடிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்லவும் லாசரையே கூப்பிட்டனுப்பினாள். கொள்கை, பிரிவு, உட்பிரிவு என்று இரண்டரைப் பக்கம் போனது. கடைசியில் விஷயம் இருந்தது. அனுமதி பெறாத காற்றைச் சுவாசித்ததோடு, 'நல்லா இருந்துது' என்று தன் கைப்பட எழுதியிருப்பதால், தொழிலாளி செய்த செயலுக்கு மனம் வருந்தவில்லை என்பது நிரூபணமாகிறது. எனவே அந்த வியாழக்கிழமைக்கே முன்தேதியிட்டுப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். மருத்துவச் செலவு கோர அவருக்கு உரிமை இல்லை.

லாசர் தாளை மடித்தான். "எல்லாம் என்னாலதாம்மா" என்றான்.

அவள் தலையை இல்லையென்று அசைத்தாள். பேச மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"மூணு பக்கம் படிச்சியே. அதுல எனக்குப் புரிஞ்சது... நான் எழுதுன ரெண்டு வார்த்தைதான்... அத இன்னொரு தபா படி."

இந்த ஒன்றைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. லாசர் தாளைப் பிரித்து, அந்த இடத்தைத் தேடிப் படித்தான்.